கண்ணைச் சிமிட்டு, அத்தை

அத்தைக்குக் கண்புரை எடுத்து மூன்று வருஷம் ஆகிறது. வலது இமை சொன்னபடி கேட்கும். இடது இமை பாதி வழியில் நின்று யோசிக்கும். எழுபதைத் தொடப்போகிற மனுஷிக்கு அதை ஒரு குறையென்று யாரும் சொன்னதில்லை, 2025 நவம்பரில் ஏரிக்கரைப் புளியமரத்தடியில் ஒரு செல்போன் சொல்லும்வரை.

தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரத்துக்குப் பக்கத்து ஊர். நூறுநாள் வேலைக்கு வந்த பெண்கள் நாற்பது பேர் மண்வெட்டியையும் கூடையையும் கீழே போட்டுவிட்டு வரிசையில் நிற்கிறார்கள். பணித்தளப் பொறுப்பாளர் ஒரு சின்னப் பெண், பன்னிரண்டாவது முடித்தவள். தன் சொந்தப் போனை ஒவ்வொரு முகத்துக்கு நேராகவும் நீட்டுகிறாள். திரையில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் முகம் வர வேண்டும், வந்ததும் கண்ணைச் சிமிட்ட வேண்டும். ஆதாரில் இருக்கிற ஆளும் மரத்தடியில் நிற்கிற ஆளும் ஒருத்திதான் என்று அப்போதுதான் டில்லி ஒத்துக்கொள்ளும்.

"ஆயா, கண்ணச் சிமிட்டு."

அத்தை சிமிட்டினாள். போன் ஒத்துக்கொள்ளவில்லை.

"தலைத்துண்ட எடு ஆயா. வெளிச்சம் மூஞ்சில படணும். ரெண்டு கண்ணும் சேத்துச் சிமிட்டு."

அத்தை ரெண்டு கண்ணையும் சேர்த்து இறுக மூடினாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். திறக்கச் சொல்லும்வரை அவள் திறக்கவில்லை.

"சிமிட்டினா என்னா குடுப்பான்?"

"ஒண்ணும் குடுக்க மாட்டான் ஆயா. சிமிட்டலன்னா இருக்கறத எடுத்துக்குவான்."

நான்காவது முறை டவர் போயிற்று. எல்லாரும் கரைமேல் ஏறினார்கள். ஏரியைத் தூர்வார வந்த கூட்டம், தண்ணீரில்லாத அந்த ஏரியின் கரைமேல் டவரைத் தேடி நடந்தது. வேலை நேரத்தில் ஒன்றரை மணி நேரம் இதிலேயே போயிற்று. ஏழாவது முறை அத்தை அத்தைதான் என்று முடிவாயிற்று. இடது கண்ணில் தூசி விழுந்த நேரம் அது.

லீவில் ஊருக்குப் போயிருந்த நான் பக்கத்தில் நின்று இதையெல்லாம் பார்த்தேன். பார்த்ததில் எனக்கு வந்த எரிச்சலுக்குத் தனிக் காரணம் உண்டு. பெங்களூரில் ஒரு கம்பெனியில் என் தொழிலே இதுதான். தர்மபுரிக்காரன் பெங்களூருக்குப் போனால் கட்டட வேலை, இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் வேலை. நான் இரண்டாவது ரகம். எந்தத் திட்டம் யார் கையில் இருக்கிறது, எது முடிந்தது, எது இழுத்துக்கொண்டு கிடக்கிறது என்று கணக்கு வைக்கிற மென்பொருளில், புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு லாகின் திறந்து கொடுப்பவன். ஆளுக்கு ஒரு பயனர் பெயர், ஒரு கடவுச்சொல். அப்புறம் நாலு கட்டங்களில் டிக் போட வேண்டும்: பார்க்கலாம், சேர்க்கலாம், திருத்தலாம், அழிக்கலாம்.

கேட்கச் சின்ன வேலை. ஆனால் ஒரு கம்பெனி தன் ஆட்களை எப்படி நினைக்கிறது என்பதை அந்த நாலு கட்டங்கள் காட்டிக் கொடுத்துவிடும். எங்கள் தொழிலில் எழுதி வைத்திருக்கிற ஒழுங்கு ஒன்று: ஒருவருக்கு வேலைக்குத் தேவையான உரிமையைக் கொடு, அதற்குமேல் ஒரு பொட்டும் கொடுக்காதே. எழுதாமலே எல்லாரும் பின்பற்றுகிற ஒழுங்கு இன்னொன்று: தன் பெயரில் இருக்கிற வேலையைத் தானே பார்க்கவும், "இது தப்பு" என்று அதற்குக் கீழே ஒரு வரி எழுதவும் எவனுக்கும் வழி இருக்க வேண்டும். மூன்று மாதப் பயிற்சிக்கு வந்த பையனுக்கும் அது உண்டு. அவன் பெயரில் யாராவது கை வைத்தால், எவர், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வைத்தார் என்று மென்பொருளே பதிவு செய்துகொள்ளும். இந்த இரண்டும் இல்லாத சரக்கை எங்கள் கம்பெனி காசு கொடுத்து வாங்காது.

நாட்டில் கோடிக்கணக்கான பேரை வேலை வாங்குகிற ஒரு மென்பொருள் இருக்கிறது. பெயர் நரேகாசாஃப்ட். மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தின் மூளை. அதன் கண்தான் புளியமரத்தடியில் நான் பார்த்த என்.எம்.எம்.எஸ். என்கிற செயலி. 2021 மே மாதம் அறிமுகமாகி, 2022 மே 16 முதல் இருபது பேரோ அதற்குமேலோ இருக்கிற பணித்தளங்களில் கட்டாயமாகி, 2023 ஜனவரி 1 முதல் தனிநபர் வேலைகள் நீங்கலாக எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. தினமும் இரண்டு போட்டோ. காலையில் ஒன்று வருகைப் பதிவோடு, நாலு மணி நேரம் கழித்து இன்னொன்று. எந்த இடம், எந்த நேரம் என்கிற முத்திரையோடு.

தொழில் புத்தி விடுமா? இதில் யார் யாருக்கு என்ன டிக் என்று வரிசையாகப் பார்த்தேன்.

பணித்தளப் பொறுப்பாளருக்குப் போட்டோ எடுக்கும் உரிமை. எங்கள் ஊரில் போன் அவள் காசு, நெட் அவள் காசு, திட்டு மட்டும் அரசு செலவு. அவளுக்குமேல் ஊராட்சி. அதற்குமேல் ஒன்றியத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர், வருகையிலிருந்து கூலிப் பட்டியலை எடுப்பவர். அளவு எடுக்க ஓவர்சியர். பணம் போக உத்தரவிட முதல் கையொப்பக்காரர் ஒருவர், இரண்டாம் கையொப்பக்காரர் ஒருவர். இருவருக்கும் மின்னணுக் கையெழுத்து. அவர்களுக்குமேல் மாவட்டம், அதற்குமேல் மாநிலம், எல்லாவற்றுக்கும்மேல் டில்லி. படிக்குப் படி லாகின், லாகினுக்கு லாகின் கடவுச்சொல்.

மண் வெட்டுகிறவளுக்கு? தேடிப் பார்த்தேன். அவளுக்கென்று ஒரு படியே இல்லை. அவள் முகம் உள்ளே இருக்கிறது, ஆதார் எண், வங்கிக் கணக்கு, வேலை அட்டை எண், அவள் நின்ற இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகூட இருக்கிறது. அவள் உள்ளே போக ஒரு கதவு கிடையாது. இணையத்தில் எல்லாரும் பார்க்கலாம் என்று வருகைப் பட்டியலை விரித்து வைத்திருக்கிறார்கள், உண்மைதான். எங்கேயோ உட்கார்ந்து ஒருவன் என் அத்தை எத்தனை நாள் வேலைக்குப் போனாள் என்று பார்க்கலாம். அத்தை பார்க்க வேண்டுமென்றால் ஒரு கம்ப்யூட்டரோ நல்ல போனோ வேண்டும், ஆங்கிலம் வேண்டும், மாநிலம் மாவட்டம் ஒன்றியம் ஊராட்சி என்று ஒன்றுக்குள் ஒன்றாகத் திறந்துகொண்டே போகும் பொறுமை வேண்டும். அப்படிப் போய்ப் பார்த்து, "இந்த மூணு நாள் விட்டுப்போச்சு" என்று எழுத ஒரு கட்டம் வேண்டும். அந்தப் பட்டியலுக்குக் கீழே அப்படி ஒரு கட்டம் இல்லை.

இந்த மண்ணுக்குக் கணக்கு புதுசும் இல்லை. ஆளுக்கொரு கணக்கு என்கிற யோசனை நம் பக்கம் ஆழமாக வேர்விட்ட யோசனை. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து எங்கள் பக்கம் அடங்கிய பாரமகால் கிழக்கிந்தியக் கும்பினிக்குப் போனபோது, அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராகத் தாமஸ் மன்றோவும் இங்கே வந்தார்கள். மன்றோ ஏழு வருஷம் இந்தப் பக்கம் இருந்தார். நடுவில் ஒரு ஜமீன்தாரை வைத்து மொத்தமாக வசூலிப்பதைவிட, நிலத்தை அளந்து உழவன் ஒவ்வொருவன் பெயரிலும் தனிக்கணக்கு திறப்பதே மேல் என்கிற பாடத்தை இங்கேதான் படித்தார்கள். பிற்பாடு சென்னை ராஜதானியின் பெரும்பகுதிக்குப் பரவிய ரயத்துவாரி முறையில் தர்மபுரிப் புழுதி உண்டு. கணக்கு திறந்தது வரி வாங்க என்பதை மறக்க வேண்டாம். நிலம் இல்லாமல் கூலிக்குப் போன என் அத்தையின் முன்னோருக்கு அப்போதும் கணக்கு இல்லை. ஆனால் பட்டாக்காரனுக்காவது கையில் ஒரு காகிதம் இருந்தது, கச்சேரியில் போய் நின்று அதை ஆட்டிக் காட்ட முடிந்தது.

அந்தக் காகிதத்தைப் பரம்பரையாகக் கட்டி ஆண்டவர் கர்ணம். ஊர்க் கணக்கு அவர் மடியில். எவன் நிலம் எவன் பெயரில் என்பது அவர் மைக்கூட்டைப் பொறுத்தது. 1980இல் அந்தப் பதவியையே தமிழ்நாடு ஒழித்துக்கட்டி, கிராம நிர்வாக அலுவலர்களைக் கொண்டுவந்தது. ஒழிந்தார் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தபோது அவர் கடவுச்சொல்லாக மறுபிறவி எடுத்துவிட்டார். இப்போது அவருக்கு மடி இல்லை, மைக்கூடு இல்லை, போய்க் காலில் விழலாம் என்றால் கால்கூட இல்லை.

நியாயமாகவும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். காகிதத்தில் என்.எம்.ஆர். என்கிற வருகைப் பட்டியல் போட்ட காலம் பொற்காலம் ஒன்றும் கிடையாது. 2008 ஏப்ரலில் திட்டம் நம் மாவட்டத்துக்கு வந்த நாளிலிருந்து, செத்தவர்கள் ஏரி வெட்டிய கதையும், திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்தவன் இங்கே வாய்க்கால் தோண்டிய கதையும் எல்லா ஊரிலும் உண்டு. அதைத் தடுக்கத்தான் செயலி என்றார்கள். தடுத்ததா? 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. செயலியில் என்னென்ன ஏறுகிறது என்று அதில் பட்டியல் போட்டிருந்தார்கள். வேலைக்குச் சம்பந்தமே இல்லாத படங்கள். ஒரே ஆள் பல பட்டியல்களில். படத்தில் இருக்கும் தலைக்கும் பதிவில் இருக்கும் தலைக்கும் பொருத்தமில்லாத எண்ணிக்கை. உச்சக்கட்டம், போட்டோவைப் போட்டோ எடுத்து ஏற்றுவது. உயிருள்ள ஆள் வேண்டாம், ஏற்கெனவே எடுத்த படத்தை எதிரே வைத்து இன்னொரு படம். திருடனுக்கு லாகின் இருந்தது, அவன் உள்ளே போனான், வேலையை முடித்தான், வந்தான்.

இதற்கு அமைச்சகம் கண்ட மருந்து என்ன? ஊராட்சி மட்டத்தில் எல்லாப் படங்களையும் சரிபார், மேலே போகப்போக இவ்வளவு சதவீதம் சரிபார் என்று பார்வையாளர்களுக்குமேல் பார்வையாளர்களை நியமித்தது. அப்புறம் முகம் பார்க்கும் கருவி வந்தது. திருடியவன் வீட்டில் தூங்குகிறான், புளியமரத்தடியில் அத்தை சிமிட்டுகிறாள்.

இன்னொரு விசேஷம் கேளுங்கள். மதியப் போட்டோ ஏறவில்லை, டவர் இல்லை, போன் சூடாகி அணைந்துவிட்டது என்றால், அந்த நாள் வருகையைக் கையால் ஏற்றுகிற உரிமை யாருக்கு? பொறுப்பாளருக்கு இல்லை. அவள் கண்ணால் பார்த்தவள், அதனால் நம்ப முடியாது. ஊராட்சிக்கு இல்லை. மாவட்டத் திட்ட ஒருங்கிணைப்பாளருக்கு. அது வேறு யாருமில்லை, கலெக்டர். பத்து ஒன்றியம், 251 ஊராட்சி உள்ள ஒரு மாவட்டத்தில், சித்தேரி மலைமேல் ஒருத்தி சாயங்காலம்வரை வரப்பு கட்டினாளா என்பதை தர்மபுரி கலெக்டர் அலுவலகம் தீர்மானிக்கும். சித்தேரியிலும் வத்தல்மலையிலும் டவர் எந்த மரத்துக்குக் கீழே கிடைக்கும் என்று ஆடு மேய்க்கிற பிள்ளைகளுக்குத் தெரியும், டில்லியில் செயலி எழுதியவருக்குத் தெரியாது. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதைமேல் ஏற்றிக் கோட்டூர் மலைக்குக் கொண்டுபோகிற மாவட்டம் இது. ஓட்டு மலையிலிருந்து இறங்கக் கழுதை இருக்கிறது. கூலி மலை ஏற எதுவும் இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியே கருவறைக்கு வெளியே நிற்கிறான், சாவி கலெக்டர் ஆபீசில்.

ஊராட்சித் தலைவரிடம் முறையிடலாமே என்பீர்கள். 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு நம் மாவட்டம் உட்பட 28 மாவட்டங்களில் அவர்கள் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் வைக்காமல் தனி அலுவலரைப் போட்டார்கள். ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் திறந்த ஒரே லாகினும் அன்றைக்கு மூடப்பட்டது.

கட்டங்களிலேயே கொடுமையான கட்டம் 'அழிக்கலாம்'. எங்கள் கம்பெனியில் ஒருவர் பெயரை அழிக்க இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும், அதற்குமுன் அவருக்கே ஒரு செய்தி போகும். இங்கே வேலை அட்டையிலிருந்து ஒரு பெயரை நீக்க, கம்ப்யூட்டரில் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். போலி அட்டை, இரட்டை அட்டை, ஊரைவிட்டுப் போய்விட்டார், இறந்துவிட்டார். அப்புறம் ஒன்று இருக்கிறது: 'வேலை செய்ய விருப்பமில்லை.' 2022-23ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுக்க 5 கோடிக்குமேல் பெயர்களை நீக்கியதாக நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. முந்தைய ஆண்டு அது ஒன்றரைக் கோடியை ஒட்டி இருந்தது. ஒரே வருஷத்தில் இந்தியக் கிராமங்களில் இத்தனை கோடிப் பேருக்கு வேலைமேல் வெறுப்பு வந்துவிட்டதாம். ஆதாரோடு பெயர் பொருந்த வேண்டும் என்று மேலிருந்து நெருக்கிய காலமும் அதுதான் என்பது தற்செயல்.

பொருத்தம் என்றால் கல்யாணப் பொருத்தத்தைவிடக் கடுமை. எங்கள் பக்கம் மாது, மாதன், மாதம்மாள் என்று பெயர் வைக்காத தெருவே கிடையாது. வேலை அட்டையில் கடைசியில் 'ள்' இருக்கும், ஆதாரில் இருக்காது. ஆங்கிலத்தில் ஒருத்தர் ஒரு 'எம்' போட்டிருப்பார், இன்னொருத்தர் இரண்டு போட்டிருப்பார். பிறந்த தேதி எல்லாருக்கும் ஜனவரி 1. அத்தைக்கும் ஒரு 'ள்' குறைந்தது. 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழியாகத்தான் கூலி என்று கட்டாயமாக்கியபோது, அந்த 'ள்'ளைத் தேடி மூன்று முறை பஸ் ஏறினாள். ஒரு நாள் ஆதார் மையத்தில் கரண்டு இல்லை, ஒரு நாள் விரலில் ரேகை இல்லை. ஐம்பது வருஷம் கல்லும் மண்ணும் சாணியும் அள்ளிய விரலில் ரேகை எங்கே இருக்கும்? உழைக்கவில்லை என்பதற்குத்தான் ரேகை சாட்சி. இவர்கள் அதை உழைத்ததற்குச் சாட்சியாகக் கேட்கிறார்கள்.

இனி பணம். சட்டப்படி வேலை முடிந்து பதினைந்து நாளுக்குள் கூலி வர வேண்டும். தாமதமானால் பதினாறாம் நாளிலிருந்து நாளொன்றுக்கு, வராத கூலியில் 0.05 சதவீதம் இழப்பீடு. தமிழ்நாட்டில் 2025-26க்குக் கூலி நாளுக்கு 336 ரூபாய். ஆறு நாள் முழுக்கூலி 2,016 ரூபாய் நின்றுபோனால், ஒரு நாள் தாமதத்துக்கு இழப்பீடு ஒரு ரூபாய் ஒரு காசுக்கும் குறைவு. பென்னாகரம் பஸ் நிலையத்தில் அதற்கு ஒரு மிட்டாய் வரும். அந்த மிட்டாயையும் மென்பொருள் பிடுங்கிக்கொண்டது. ஒன்றியத்தில் இரண்டாம் கையொப்பம் விழுந்ததும் தாமதக் கடிகாரம் நின்றுவிடும். அதற்குப் பிறகு டில்லி கஜானாவில் பணம் இரண்டு மாதம் படுத்துத் தூங்கினாலும் அது மென்பொருளில் தாமதம் ஆகாது. 2018 மே மாதம் சுவராஜ் அபியான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கணக்கை ஏற்கவில்லை, அந்தத் தாமதமும் மத்திய அரசின் பொறுப்பே என்றது. தீர்ப்புக்கு லாகின் இல்லை போலிருக்கிறது.

2024 நவம்பர் கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் கூலி நின்றது. 2025 ஜனவரியில் 1,056 கோடி ரூபாய் பாக்கி என்று முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மார்ச் கடைசியில் பாக்கி 4,034 கோடி. ஒன்றியத்தில் போய்க் கேட்டால், "எங்க சைடு முடிச்சிட்டோம், மேலருந்து வரணும்" என்பார்கள். மேலே கேட்டால் வழிமுறைப்படி விடுவிக்கப்படும் என்பார்கள். எல்லாருடைய திரையிலும் அவரவர் வேலை முடிந்ததாகப் பச்சை காட்டியது. அத்தையின் பாஸ்புக்கில் மட்டும் புது வரி விழவில்லை.

அதே மார்ச் மாதம், 24ஆம் தேதி, நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளம் மாதம் 1 லட்சத்திலிருந்து 1 லட்சத்து 24 ஆயிரமாக உயர்ந்தது. அவைக்கு வரும் நாளுக்கான படி 2,000லிருந்து 2,500 ஆனது. எந்தத் தேதியிலிருந்து? 2023 ஏப்ரல் 1 முதல். முன்தேதியிட்டு, இரண்டு வருஷ நிலுவையோடு. அந்த வாரமே தமிழ்நாட்டின் நூறுநாள் கூலியையும் உயர்த்தினார்கள், 319லிருந்து 336க்கு. பதினேழு ரூபாய். வாங்காத கூலியில் பதினேழு ரூபாய் உயர்வு.

2,500 ரூபாய்க்கு அவையில் வந்ததை ஒரு தடவை பதிந்தால் போதும். நாலு மணி நேரம் கழித்து இன்னொரு போட்டோ யாரும் கேட்பதில்லை. ஏன் கேட்கக் கூடாது? இந்த ஏற்பாடு இவ்வளவு நேர்மையானது, இவ்வளவு நவீனமானது என்றால், ஏழைகள் மட்டும் அனுபவிப்பது அநியாயம். மேலேயும் கொண்டுபோவோம். காலை பதினொரு மணிக்கு மக்களவை வாசலில் மாண்புமிகு உறுப்பினர்கள் வரிசையில் நிற்கட்டும். பன்னிரண்டாவது முடித்த ஒரு பெண் போனை நீட்டட்டும். "ஐயா, தலைப்பாகையக் கொஞ்சம் தூக்குங்க. வெளிச்சம் மூஞ்சில படணும். இப்ப சிமிட்டுங்க." மதியம் மூன்று மணிக்கு மறுபடி. அதில் ஆள் இல்லையென்றால் பாதிப்படி. கேள்வி நேரத்தில் பேசியதை ஓவர்சியர் டேப் வைத்து அளக்கட்டும். அளவு குறைந்தால் நாங்கள் வெட்டிய மண்ணுக்குக் குறைப்பதுபோலக் கூலியைக் குறைக்கட்டும். அமைச்சகச் செயலாளர் கோப்பில் கையெழுத்திடும்போது அவர் நாற்காலியின் அட்சரேகை பதியட்டும். டவர் இல்லாவிட்டால் அவர் கூரைமேல் ஏறட்டும். வருகை விட்டுப்போனால் திருத்திக் கொடுக்கிற உரிமை ஏரியூர் பக்கத்தில் ஒரு பணித்தளப் பொறுப்பாளரிடம் இருக்கட்டும். அவள் நல்லவள், அலையவிட மாட்டாள், இரண்டு மூன்று முறை பஸ் ஏறி வந்தால் முடித்துக் கொடுத்துவிடுவாள்.

அத்தை சிமிட்டிய அடுத்த மாதமே, 2025 டிசம்பரில், நூறுநாள் வேலைச் சட்டத்தையே எடுத்துவிட்டுப் புதுச்சட்டம் கொண்டுவந்தார்கள். காந்தி பெயர் போயிற்று. வி.பி. - ஜி ராம் ஜி என்று வந்தது. நூறு நாள் 125 நாள் ஆயிற்று என்று விளம்பரம். மாநிலம் இனி நூற்றுக்கு நாற்பது போட வேண்டும், டில்லி வைக்கிற ஒதுக்கீட்டைத் தாண்டினால் மிச்சமும் மாநிலத்தின் தலையில், விதைப்பு அறுப்புக் காலத்தில் அறுபது நாள் வேலை நிறுத்தம் என்பதெல்லாம் சின்ன எழுத்தில். பழைய சட்டத்தில் 'கேட்டால் கொடு' என்று ஒரு வரி இருந்தது. அத்தை கேட்ட நாளை ஒன்றியத்தில் அன்றே பதிய மாட்டார்கள். வேலை தயாரான நாளைத்தான் அவள் கேட்ட நாளாகப் பதிவார்கள், வேலையில்லாப் படி கேட்டுவிடக் கூடாதே. ஆனாலும் அந்த வரி இருந்தது. புதியதில் முகப்பதிவுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் சட்டத்திலேயே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். திட்டத்துக்குப் புதுப்பெயர் வைத்தால் எங்கள் மென்பொருளில் பழைய உறுப்பினர்கள் அப்படியே தொடர்வார்கள். இங்கே முதலில் இருந்து சிமிட்ட வேண்டியிருக்கும்.

முகம் பதிந்த அன்று சாயங்காலம் அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, என் போனில் அவளுடைய வேலை அட்டையைத் திறந்து காட்டினேன். அந்த வருஷத்தில் முப்பத்தெட்டு நாள் என்றது.

"நாப்பத்தொண்ணு," என்றாள், போனைப் பார்க்காமலே.

"எப்படிச் சொல்ற?"

எழுந்து உள்ளே போனாள். அடுப்படிச் சுவரில், உறிக்குக் கீழே, கரிக்கட்டையால் கோடுகள். பால்காரனுக்குப் போடுவது மாதிரி அஞ்சஞ்சாக, குறுக்கே ஒரு கீறல். மூன்று கோடுகளுக்குமேல் மட்டும் சின்னதாக ஒரு சுழி.

"இதெல்லாம் டவர் இல்லாத நாளு."

"நீ ஆபீசுல எல்லாத்துக்கும் கணக்குத் தொறந்து தர்றியாமே," என்றாள் அப்புறம். "எனக்கு ஒண்ணு தொறந்து தரக் கூடாதா கண்ணு?"

அது என் கம்பெனி, இது வேற, என்று என்னவோ சொல்லிச் சமாளித்தேன். கோடுகளுக்குப் பக்கத்தில் இன்னும் பழைய கோடுகள், மங்கலாக. ஏன் அழிக்காமல் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். அது 2024 கார்த்திகையில் செய்த வேலை, கூலி நின்றுபோன சமயம் என்றாள். போன பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்த பையன் வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்துவிட்டு அந்தச் சுவருக்கு வந்து மட்டையை ஓங்கியிருக்கிறான். அத்தை துடைப்பத்தோடு போய் நடுவில் நின்றிருக்கிறாள்.

"எவன்டா ஒனக்கு அழிக்கச் சொன்னது? பணம் வரட்டும், நானே அழிச்சுக்கறேன்."